விலை வராத சாயங்காலம்

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நாலு நாற்பத்திரண்டுக்கு, கடை மேசையில் தராசின் மேல் சாய்த்து வைத்திருந்த போனில், என் மகளின் முகம் பாதிப் பேச்சில் அசையாமல் நின்றது. வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்கள் காமிராவைப் பார்க்கவில்லை, இடப்பக்கம் எங்கோ பார்த்தன. அதற்கு ஒரு கணம் முன்னால் ஒரு சத்தம் கேட்டிருந்தது. பச்சைக் கிளை முறியும்போது நார் கிழிகிற சத்தம். அவள் நின்ற ஏலக்காய்த் தோட்டத்தில், காற்றில்லாத நேரத்தில் அந்தச் சத்தம் வர அதிகக் காரணங்கள் கிடையாது.

"அண்ணே, துருசு கேட்டேனே," என்றார் எதிரில் நின்றவர். தராசிலிருந்து போனை எடுத்துவிட்டு, பூஞ்சைக்கு அடிக்கிற அந்தத் துருசை நிறுத்துக் கட்டினேன். சிக்னல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். போடியில் ஏலத்தோட்டங்களுக்கு உரமும் மருந்தும் விற்கிறவன் நான். மலையில் சிக்னல் போவதும் வருவதும் எனக்குப் புதிதல்ல. ஆனால் கட்டிய பொட்டலத்தை அவர் கையில் கொடுக்காமல் திரும்ப அலமாரியில் வைத்திருக்கிறேன். அவர்தான் எடுத்துக்கொண்டு போனார்.

மகள் மதுரையில் தாவரவியல் படித்து முடித்துவிட்டு, கல்லூரி வேலைகளுக்கு விண்ணப்பம் போட்டபடி வீட்டில் இருந்தாள். அந்தச் சமயத்தில்தான் தமிழில் ஒரு பிளாக் ஆரம்பித்தாள். ஏலச்செடியின் நிழலில் என்னென்ன முளைக்கிறது, எந்தத் தேனீ எந்தப் பூவுக்கு வருகிறது என்பது போன்ற விஷயங்கள். நன்றாகத்தான் எழுதினாள். படிக்கத்தான் ஆள் இல்லை. எத்தனை பேர் எந்த ஊரிலிருந்து பார்த்தார்கள் என்று காட்டுகிற ஒரு பக்கம் அதில் உண்டு. அதில் பெரும்பாலும் போடி என்றே இருக்கும். அது நான். அவள் சோர்ந்துவிடக் கூடாது என்று கடையில் ஒரு தடவை, வீட்டில் ஒரு தடவை திறந்து பார்ப்பேன்.

"ப்பா, நீங்க ஒரே ஆளு திரும்பத் திரும்ப வர்றது எனக்குத் தெரியும்," என்றாள் ஒருநாள். "கடையத் தொறந்து வச்சுட்டு உள்ளயே ஒக்காந்திருந்தா யாரு வருவா? ஆளுக இருக்கிற எடத்துக்கு நாமதான் போகணும்."

கடைக்காரனுக்குச் சொன்னால் புரியாதா. நான் அன்றைக்கே வேலையில் இறங்கினேன். என் போனில் இருந்த எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் இணைப்பைப் போட்டேன். சொந்தக்காரர்கள் குரூப், தெரு குரூப், உரவியாபாரிகள் குரூப், கோயில் திருவிழா குரூப். "வணக்கம். என் மகள் எழுதியது. படித்துக் கருத்துச் சொல்லவும்." ஒரு நிமிடத்துக்குள் கைதட்டல் படங்களாக வந்து குவியும். அதைப் படிக்க ஐந்து நிமிடமாவது ஆகும் என்பது எனக்குத் தெரியும். சிலமலையில் இருக்கும் என் மனைவியின் அண்ணன் மட்டும் உண்மையைச் சொன்னார்: "மாப்ளே, புள்ள சாதகத்த அனுப்புன்னு மூணு மாசமாக் கேக்குறேன். நீ பூச்சி படம் அனுப்பிக்கிட்டு இருக்க."

ஏலக்காய் விலை குரூப்பிலும் போட்டேன். அதுதான் தவறாகப் போனது. போடியில் ஏலம் முடிந்ததும் அன்றைய விலை அந்தக் குரூப்பில் வரும். மலையில் இருக்கிற முதலாளி, கணக்குப்பிள்ளை, ஸ்டோரில் காய் உலர்த்துகிறவர், காவல்காரர், ஜீப் டிரைவர் என்று எல்லோரும் அந்த நேரத்துக்குப் போனும் கையுமாக இருப்பார்கள். குரூப்பை நடத்துகிற கமிஷன் கடைக்காரர் எனக்குப் போன் போட்டே பேசினார்.

"அண்ணே, இது வெல குரூப்பு. இதுல பூவு, வண்டு எல்லாம் போட்டா ஆளுக என்னயத் திட்டுறாங்க. வீட்டுக் குரூப்புல போட்டுக்கங்க."

மன்னிப்புக் கேட்டு அழித்துவிட்டேன். அதிலிருந்து, என்னை விட்டுவிட்டு மகள் தானே செய்தாள். அவள் செய்தது வேறு மாதிரி இருந்தது. முதலில் இணைப்பே போடவில்லை. வீட்டுத்தோட்டக்காரர்கள், தேனீ வளர்ப்பவர்கள் கூடுகிற பேஸ்புக் குழுக்களில் சேர்ந்து, மற்றவர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். இலை ஏன் பழுக்கிறது, கூட்டில் எறும்பு ஏறினால் என்ன செய்வது. சில வாரங்கள் கழித்து, அதே கேள்வியை ஒட்டித் தான் எழுதிய கட்டுரை இருந்தால், கீழே கொடுப்பாள். ஒரு நீளமான கட்டுரையை நாலைந்து துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு படமும் ஒரு வரியும் வைத்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். "ஏலச்செடியின் மகரந்தச் சேர்க்கை: ஓர் அறிமுகம்" என்று பிளாக்கில் இருந்ததை அங்கே "ஏலப் பூவைப் பார்க்க மண்டி போட வேண்டும்" என்று மாற்றினாள். ஏலச்செடி ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் பூ வருவது தரையோடு படர்கிற சரத்தில். அது மலைக்கு வராதவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வரிக்காக வந்தவர்கள் கட்டுரையையும் படித்தார்கள். யார் என்ன எழுதினாலும் பெயர் சொல்லிப் பதில் போட்டாள். மெல்ல, போடி என்பதற்கு மேலே வேறு ஊர்களின் பெயர்கள் வந்தன.

அடுத்தது நேரலை. தோட்டத்துக்குள்ளிருந்தே பூவைக் காட்டிப் பேசலாம் என்று முடிவு செய்தாள். எப்போது ஆட்கள் அதிகமாகப் போனில் இருக்கிறார்கள் என்று அவளுடைய பக்கமே கட்டம் போட்டுக் காட்டியது. சனிக்கிழமை நாலரை மணி. நாள் குறித்து, ஒரு வாரம் முன்னாலேயே அறிவிப்பு போட்டாள்.

மலையில் மூன்றரைக்கு எல்லாம் முடிந்துவிடும். காய் எடுக்கிற பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறி, மூன்றரைக்குத் தோட்டத்தை விட்டு இறங்கிவிடுவார்கள். மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்குவதற்குள் போடிமெட்டுக் கணவாயைத் தாண்ட வேண்டும். இது எனக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் பார்த்தது பார்க்கிறவர்களின் நேரத்தை. மேலும், ஏற்பாடு இருந்தது. ஸ்டோரிலிருந்து உலர்ந்த காயை ஏற்றிக்கொண்டு ஐந்தரைக்கு ஒரு லோடு ஜீப்பு போடிக்கு வரும். அதில் வந்துவிடலாம் என்று தோட்ட முதலாளியே சொல்லியிருந்தார். அவர் என் கடை வாடிக்கைக்காரர்.

முகம் நின்றுபோன பிறகு மகளுக்கு அடித்தேன். கேரள எல்லைக்கு அந்தப் பக்கத்து டவர் என்பதால் ஒரு பெண் குரல் மலையாளத்தில் ஏதோ சொல்லித் துண்டித்தது. நாலைந்து தடவை அதே குரல். பிறகு முதலாளிக்கு அடித்தேன். அவர் ஸ்டோருக்கும் டிரைவருக்கும் போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்ப அழைத்தார். குரல் மாறியிருந்தது.

"அண்ணே, இன்னைக்கு மஞ்சு சீக்கிரம் எறங்கிருச்சாம். லோடு ஜீப்பு நாலு மணிக்கே கெளம்பிருக்கு. பாப்பா பொம்பளையாளுக வண்டியில போயிருச்சுன்னு அவன் நெனச்சிருக்கான். பொம்பளையாளுக, அது லோடு வண்டியில வரும்னு நெனச்சிருக்காங்க."

"ஸ்டோர்ல யாரும் இல்லியா?"

"சனிக்கெழம சம்பளம். எல்லாம் எறங்கிருச்சு. காவலுக்கு ஒருத்தர் இருப்பாரு, தோட்டத்துக்குள்ள. அவருக்கு லைன் போகல." கொஞ்சம் நிறுத்தி, "ரெண்டு நாளா ஒரு கூட்டம் அந்தப் பக்கம் நிக்கிதுன்னாங்க," என்றார். எதன் கூட்டம் என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடையைப் பூட்டாமல் சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவளும் நேரலையைப் பார்த்திருக்கிறாள்.

"கெள ஒடிஞ்சது கேட்டுச்சுல்ல?" என்றாள்.

"கேட்டுச்சு."

"சரி. இனி என்ன செய்யணும்னு சொல்லுங்க." அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மகளின் இன்ஸ்டாகிராம் பக்கத்துக்குள் நானும் போக முடியும். நேரலையின்போது வருகிற கேள்விகளுக்குப் பதில் போட என்னை வைத்திருந்தாள். திறந்தேன். அந்தக் கடைசி அரை நிமிடத்தை யாரோ தனியாக வெட்டி எடுத்துப் போட்டிருந்தார்கள். கிளை முறிகிற இடத்தில் சத்தத்தைக் கூட்டி, சிவப்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் இலைதான் இருந்தது. யானை என்றார்கள், சிறுத்தை என்றார்கள், ஆள் கடத்தல் என்று ஒருவர் விவரமாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே நூற்றுக்கணக்கில் பதில்கள். நான் பார்க்கப் பார்க்க எண்கள் ஏறின. மகளைப் பின்தொடர்கிறவர்கள், பிளாக்கைத் திறந்தவர்கள், நாங்கள் மாதக்கணக்காக எதிர்பார்த்த அத்தனையும் ஒரு மணி நேரத்துக்குள் வந்துகொண்டிருந்தன. மண்டி போட்டுப் பார்க்க வேண்டிய பூவைப் பற்றிய கட்டுரையை அந்த நேரத்தில் எங்கெங்கோ ஆட்கள் திறந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அந்தப் பக்கத்திலேயே எழுதினேன்: "நான் அவளுடைய அப்பா. அவள் இருக்கிற தோட்டத்துக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள்." கும்பிடுகிற கைகள் வந்தன. சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா பிரார்த்திப்பதாக எழுதினார். கோயம்புத்தூர், பெங்களூர், துபாய். எல்லோரும் நல்லவர்கள்தான். மலையிலிருந்து ஒருவர்கூட இல்லை. தோட்டத்தில் இருக்கிறவர்கள் யாரும் அவளுடைய வாசகர்கள் அல்ல.

மனைவிதான் கேட்டாள். "மலையில இருக்கிறவுக இந்த நேரம் போன்ல எதப் பாப்பாக?"

மணி ஆறு ஆகப்போகிறது. விலை வருகிற நேரம்.

கமிஷன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். முன்பு திட்டு வாங்கியது நினைவுக்கு வந்து, "தம்பி, தப்பா நெனச்சுக்காதீக," என்று ஆரம்பித்தேன். அவர் முழுக்கக் கேட்கவில்லை.

"தோட்டத்துப் பேரு, பாப்பா படம், ஒங்க நம்பரு மூணும் வெரசா அனுப்புங்க. வேற எதுவும் எழுதாதீங்க, படிக்க மாட்டானுக."

அனுப்பினேன். குரூப்பில் அதைப் போட்டார். அதற்குக் கீழே விலை வரவில்லை. ஆறு தாண்டியது, ஆறேகால் ஆனது. ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். "அண்ணே வெல?" "இன்னைக்கு ஏலம் இல்லியா?" "என்னாச்சு, ஆவ்ரேஜ் சொல்லுங்க." அவர் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பப் போட்டார்: "மேல இருக்கிற படத்தப் பாருங்க. பாப்பாவப் பத்தித் தகவல் வந்தப்புறம் வெல." ஒருவர், "ரெண்டும் போடலாம்ல?" என்று கேட்டதற்கு, "போட்டா வெலயப் பாத்துட்டு மூடிருவ," என்று பதில் வந்தது.

எனக்கு அழைத்து, "இன்னொரு குரூப்புக்காரனும் வெலயப் போடப் போனான். பேசி நிறுத்தி வச்சிருக்கேன். அது தெரியாம எவன் தூங்குவான்?" என்றார்.

ஆறரைக்குச் சற்று முன்னால் பெயர் இல்லாத ஒரு எண்ணிலிருந்து குரூப்பில் ஒரு செய்தி வந்தது. தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டியிருந்தது. "புள்ள எங்கூட ஏறுமாடத்துல இருக்கு. குழப்பமில்ல. கீழ ஆன நிக்கிது. போன் அடிக்காதீங்க. வண்டி வேண்டாம். ஒச்ச ஆகாது."

தோட்டக் காவல்காரர். மரத்தின் மேல் கட்டியிருக்கிற காவல் பரணை அங்கே ஏறுமாடம் என்பார்கள், சத்தத்தை ஒச்சை என்பார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்பதற்குக் குழப்பமில்லை என்பார்கள். கீழே யானை நிற்கும்போது அதை எப்படி எழுதினார் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். மரத்து உயரத்தில் அவருக்குச் சிக்னல் கிடைத்திருக்கிறது; முதலாளி அது அவர் எண்தான் என்று உறுதி செய்தார். அடுத்த நிமிடமே குரூப்பில் விலை வந்தது.

எங்களுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மலை ஏறுகிற இடத்தில் முந்தல் செக்போஸ்ட் வரை பைக்கில் போனோம். அங்கே நிற்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது என்று பேசிக்கொண்டோம். போய்ச் சேர்ந்தபோது ஏற்கெனவே ஏழெட்டு பைக்குகள் நின்றன. தேனிப் பக்கத்திலிருந்து வந்த பையன்கள். இரண்டு பேர் நெற்றியில் விளக்கு கட்டியிருந்தார்கள். ஒருவன் போனைக் குச்சியில் மாட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் பட்டாசுக் கட்டு ஒன்று.

"எங்கப்பா போறீக?" என்றேன்.

"மேல ஒரு அக்கா மாட்டிக்கிருச்சு, அங்கிள். தேடப் போறோம். நாங்க அவங்க பாலோயர்ஸ்."

"எப்ப இருந்து?"

அவன் யோசித்து நேர்மையாகச் சொன்னான். "ஒரு மணி நேரமா."

நான் அவளுடைய அப்பா என்றேன். யானை கீழே நிற்கிறது, விளக்கும் வெடியும் போனால் அது மிரளும், மரத்தைத் தள்ளினாலும் தள்ளும் என்று சொன்னேன். இந்தப் பையன்கள் கேட்டுக்கொண்டார்கள். பட்டாசு கொண்டுவந்தவன் அதைச் சட்டைக்குள் ஒளித்தான். ஆனால் இன்னும் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. கேரளப் பக்கமிருந்தும் ஆட்கள் கிளம்பிவிட்டதாக ஒருவன் போனில் காட்டினான். ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நிறுத்த முடியாது. அவர்கள் எல்லோரும் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறார்கள். அங்கேதான் சொல்ல வேண்டும்.

மகளின் பக்கத்தைத் திறந்து, "என் மகள் பத்திரமாகக் கீழே வந்துவிட்டாள். யாரும் மலைக்குப் போக வேண்டாம்," என்று தட்டினேன். அனுப்பாமல் வைத்திருந்தேன். அவள் வரவில்லை. இனிமேல்தான் வர வேண்டும். அதை எழுதிவிட்டால் நிஜமாக ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம். படித்தவன் படுகிற பயம் இல்லை அது.

மனைவி தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "அனுப்புங்க," என்றாள். "பொய்யாப் போச்சுன்னா, அப்புறம் எவன் என்ன சொன்னா நமக்கென்ன?"

அனுப்பினேன். முதலில் நிம்மதி என்று எழுதினார்கள். கொஞ்ச நேரத்தில் காற்று மாறியது. அப்படியானால் அந்தச் சத்தம்? எல்லாம் வியூசுக்காகவா? அப்பனும் மகளும் சேர்ந்து நாடகம். ஆளைக் காட்டு. ஏமாற்றிவிட்டாய் என்று பிளாக்கில் அவளுடைய பழைய கட்டுரைகளின் கீழெல்லாம் போய் எழுதினார்கள். அவள் பெயர் சொல்லிப் பதில் போட்டு ஒருவர் ஒருவராகச் சேர்த்த இடத்தில் அது நடந்தது. கூட்டம் போய்விட்டது என்பதற்கு அதைவிட உறுதியான அடையாளம் எனக்கு வேறு இல்லை. செக்போஸ்டில் நின்ற பைக்குகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. குச்சியில் போன் மாட்டியிருந்தவன், "ஏன் அங்கிள், மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டு போனான்.

நானும் மனைவியும் செக்போஸ்டுக்கு எதிரில் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மலைமேல் வண்டி விளக்கு திருப்பத்துக்குத் திருப்பம் தெரியும், மறையும். ஒவ்வொன்றும் கீழே வந்து எங்களைத் தாண்டிப் போனது. கடைக்காரர் கேட்காமலே டீ கொண்டுவந்து வைத்தார். ஆறியது. யானை நகர்ந்துவிட்டது என்று குரூப்பில் ஒரு வரி வந்தது. மெட்டிலிருந்து ஒரு ஜீப்பை முதலாளி அனுப்பியிருக்கிறார் என்று அதற்குப் பிறகு. இரண்டுக்கும் நடுவில் நாங்கள் பேசிக்கொண்ட ஒரே விஷயம், வீட்டில் அடுப்பை அணைத்தோமா என்பது.

எட்டரை இருக்கும். ஒரு ஜீப் வந்து செக்போஸ்டைத் தாண்டாமல் ஓரமாக நின்றது. டிரைவர் பக்கத்தில் ஒரு உருவம், காவல்காரருடைய கம்பளியைப் போர்த்திக்கொண்டு. கதவு திறந்தது. காலில் செருப்பு இல்லை. முழங்கால்கள் இரண்டிலும் காய்ந்த சேறு. முகத்தில் ஒரு கீறல் தவிர ஒன்றுமில்லை. மனைவி எழுந்தாள், நடக்காமல் அங்கேயே நின்றாள். நான்தான் ஓடினேன். ஓடும்போதே அவள் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் அவசரமாக ஒரு விரலை உதட்டில் வைத்தாள். மலைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மூச்சுக் குரலில் சொன்னாள்:

"சத்தம் போடாதீங்கப்பா."